தேக்கடி: பேப்பரில் அடிக்கணக்கில் படித்த ஏரியின் கரையில் இரண்டு நாள் நடை

அப்பா காலையில் பேப்பரை வாங்கினால் முதல் பக்கத்தைப் பார்க்க மாட்டார். நேரே உள்ளே போய், ஓரத்தில் சின்னதாகப் போட்டிருக்கும் அணை நீர்மட்டத்தைத்தான் தேடுவார். பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி. பெரியாறு 130ஐத் தாண்டிய நாளில் வீட்டில் யாருக்கும் திட்டு விழாது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஒன்றே முக்கால் ஏக்கரும் அதில் அடக்கம். நான் இப்போது மதுரைவாசி. என் வீட்டுக் குழாயில் வருவதும், வைகை வழியாகச் சுற்றி வந்தாலும், பாதிக்கு மேல் அதே தண்ணீர்தான்.

இப்படி 46 வயது வரைக்கும் எண்ணாக மட்டுமே தெரிந்திருந்த, முல்லைப் பெரியாறு அணை தேக்கி வைத்த தேக்கடி ஏரியை, காலாண்டுப் பரீட்சை லீவில்தான் முதல்முறையாகக் கரையோரமாக நடந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சுற்றுலா கூட்டிப் போய்ப் படகில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்கள். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அன்றைக்கு நான் பார்த்தது முன்சீட்டுப் பையனின் பின்னந்தலையை.

போனது நான், பத்தாவது படிக்கும் மகள், மச்சினன். மனைவி வரவில்லை. அட்டைப்பூச்சி என்ற சொல்லைக் கேட்டதும் முடிவெடுத்துவிட்டாள்.

முதலில் ஒரு விஷயம். இங்கே நீங்களாகப் பாதை பிடித்து நடக்க முடியாது. பெரியாறு 1978இலிருந்து புலிகள் காப்பகம், அதன் உள்பகுதி 1982இலிருந்து தேசியப் பூங்கா. நடக்க வேண்டுமென்றால் வனத்துறை நடத்தும் நிகழ்ச்சிகளில் ஒன்றில் பதிவு செய்து, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். 'நம்ம ஊர் மலைதானே, நாமே ஏறிக்கலாம்' என்று சொல்லும் ஆள்தான் நானும். 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்த குரங்கணிக் காட்டுத்தீக்கு அப்புறம் எங்கள் மாவட்டத்தில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

காப்பகத்தின் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். நேரில் என்றால் தேக்கடி ரோட்டில் அம்பாடி ஜங்ஷனில் அவர்களுடைய சூழல் சுற்றுலா மையம் இருக்கிறது. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் தனி, நடைக்குக் கட்டணம் தனி என்பதை மறந்துவிடாதீர்கள். நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒருத்தர் ஓடி வந்து, "ட்ரெக்கிங் எல்லாம் ஃபுல்லு சார், ஜீப்புல கூட்டிட்டுப் போறேன், யானை கியாரண்டி" என்றார். எங்கள் பதிவுத் தாள் என் சட்டைப்பையிலேயே இருந்தது. எடுத்துக் காட்டியதும், ஒன்றும் நடக்காததுபோல அடுத்த பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டார். யானைக்கு யாராவது கியாரண்டி கொடுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

முதல் நாள் காலை 'நேச்சர் வாக்' என்ற மூன்று மணி நேர நடை. சொந்த வண்டியில் வருகிறவர்கள் ஆனவச்சாலில் நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் படகுத்துறைக்கு வர வேண்டும். ஏழு மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள். அந்த நேரத்தில் தண்ணீர் தெரியாது, வெறும் வெள்ளைப் பனிதான். அதற்குள்ளிருந்து கறுப்புக் கறுப்பாக மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். 1895இல் அணை கட்டி முடித்துத் தண்ணீரைத் தேக்கியபோது முங்கிப்போன காட்டின் மரங்கள் அவை. முங்கி நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் சாயவில்லை. உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. மகள் அந்த மரங்களைத்தான் இரண்டு நாளும் அதிகமாகப் படமெடுத்தாள்.

நடை தொடங்குவதற்கு முன் அட்டைச் சாக்ஸ் தருவார்கள். முழங்கால் வரை வரும் கெட்டியான காக்கித் துணிப் பை, மேலே இழுத்துக் கட்ட நாடா. பேன்ட்டை அதற்குள் திணித்துக் கட்டி, அதற்கு மேல் ஷூ மாட்ட வேண்டும். மச்சினன் பேன்ட்டை வெளியே விட்டுக் கட்டியிருந்தான். வழிகாட்டி பார்த்துவிட்டு, "சார், இது அட்டைக்கு ஏணி வச்ச மாதிரி" என்றார். அவர் மன்னான் சமூகத்தைச் சேர்ந்தவர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், நல்ல தமிழ் பேசுகிறார். பளியரும் மன்னானும்தான் இந்தக் காட்டுக்கு ஆதிக்குடிகள். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவர் மகனும் ராத்திரி வலை போட்டுவிட்டுக் காலையில் எடுப்பவன்தானாம்.

ஏரியின் குறுகலான ஒரு வாய்க்காலைத் தாண்டினால்தான் காடு. தாண்டுவது மூங்கில் தெப்பத்தில். இரண்டு கரைக்கும் நடுவே கட்டியிருக்கும் கயிற்றை அவர் கையால் இழுக்க இழுக்கத் தெப்பம் நகர்கிறது. மூங்கில் இடுக்கு வழியாகத் தண்ணீர் மேலே வந்து ஷூவை நனைக்கும். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தில் எல்லோரும் தானாகவே பேச்சை நிறுத்தினார்கள். அந்தக் கரையில் இறங்கியதும் அவரும் அதைத்தான் சொன்னார்: "இதே மாதிரி வாங்க, போதும்."

நடையின் முதல் பாதி முழுக்க ஏரிக்கரைப் புல்வெளி. தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்ததால் கரையில் அகலமாகச் செம்மண் தெரிந்தது. குனிந்து பார்த்தால் அந்த மண்ணில் படிக்கட்டு வெட்டினதுபோல வரி வரியாகக் கோடுகள். தண்ணீர் இறங்கும்போது எங்கெல்லாம் சில நாள் நின்றதோ அங்கெல்லாம் ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் காய்ந்த இலையும் குச்சியும் வரிசையாக ஒதுங்கியிருந்தன. எத்தனையோ காலை பேப்பரில் பார்த்த எண்கள் இப்படி மண்ணில் கிடக்கின்றன என்று எனக்குத் தோன்றவே இல்லை. மகள் ஒரு குச்சியை எடுத்து மேலிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினாள். தண்ணீர் ஏறினால் இந்தப் பாதையே முங்கிவிடும், அப்போது காட்டுக்குள்ளேயே சுற்றிப் போக வேண்டியதுதான் என்றார் வழிகாட்டி. ஒரே நடையை இரண்டு பேர் வேறு வேறு மாதத்தில் போய்விட்டு வந்து வேறு வேறு மாதிரி சொல்வதற்குக் காரணம் இதுதான். மிருகம் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் தண்ணீர் வற்றிக் கரை அகலமாக இருக்கும் மாசி, பங்குனி நல்லது. நடக்கத்தான் வருகிறீர்கள் என்றால் நாங்கள் போன புரட்டாசி நல்லது. என்ன, அட்டையும் சேர்ந்து வரும்.

எதிர்க்கரையில் காட்டு மாடுகள் மேய்ந்தன. பதினொன்று என்று எண்ணினேன், பன்னிரண்டு என்றான் மச்சினன். முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல இருக்கும், அதுதான் அடையாளம். தண்ணீரில் மூன்று நீர்நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக முங்கி முங்கிப் போயின. காட்டுக்குள் நுழைந்ததும் தலைக்கு மேல் கருமந்திக் கூட்டம், கொஞ்ச தூரத்தில் வால் மட்டுமே ஒரு முழம் இருக்கும் மலையணில். மூன்று மணி நேரத்துக்கு இது தாராளம். வயதானவர்கள், பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டாலும் குறை இல்லை. ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.

இரண்டாம் நாள் 'பார்டர் ஹைக்கிங்'. காலையிலிருந்து சாயங்காலம் வரை, முழுநாள். உண்மையில் நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஏழு பேர் குழு, இரண்டு வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். ஏரிப் பக்கத்திலிருந்து விலகி, மழைக்காட்டுக்குள் புகுந்து, தமிழ்நாடு-கேரள எல்லை முகட்டுக்கு ஏறுகிற பாதை. முதல் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கியது. அதற்கப்புறம் இன்னும் வாங்கியது. தினமும் நடக்கிற பழக்கம் இல்லாதவர்கள் ஒரு பதினைந்து நாள் மாடிப்படி ஏறிப் பழகிவிட்டு வாருங்கள்.

மழைக்காட்டுக்குள் வெளிச்சம் ஒரு மாதிரி பச்சையாக இருக்கிறது, பழைய கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததுபோல. தரையெல்லாம் ஈர இலை. அந்த இலை மேல்தான் அட்டை. நின்ற இடத்திலேயே குனிந்து பார்த்தேன். தீக்குச்சியில் பாதி நீளம்கூட இருக்காது. வாலை ஊன்றி எழுந்து நின்று, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி, மூச்சுக்காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறது. தெரிந்ததும் தலையை ஊன்றி, வாலை இழுத்து, மறுபடி தலையை ஊன்றி, ஜாண் போட்டு அளப்பதுபோல ஷூவைப் பார்த்து வருகிறது. ஒன்றல்ல, நான் நின்ற இடத்தைச் சுற்றி ஏழெட்டு. வரிசையில் முதலில் போகிறவரைவிட மூன்றாவது, நாலாவதாகப் போகிறவர்களுக்குத்தான் அதிகம் ஏறும், முன்னால் போகிறவர் அதுகளை எழுப்பிவிட்டுப் போகிறார் என்றார் காவலர். நான் சத்தமில்லாமல் முன்னால் போய்விட்டேன். வழிகாட்டியின் இடுப்பில் சின்னத் துணி முடிச்சில் உப்பு. ஒரு தொடு, அட்டை சுருண்டு விழுகிறது. பிய்த்து எடுக்காதீர்கள். கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு திரவத்தை விட்டுவிடுகிறது. அதனால் அது போன பிறகும் அரை மணி நேரம் ரத்தம் கசியும். வலி இல்லை. பார்க்கத்தான் பயமாக இருக்கும்.

பதினோரு மணி வாக்கில் மகளின் வலது ஷூவின் அடிப்பாகம் முன்பக்கமாக வாயைப் பிளந்தது. மலைக்கென்றே மதுரையில் ஒரு கடையில் கேட்டு வாங்கியது, போட்டு இரண்டாம் நாள். வழிகாட்டி தன் பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்து ஷூவைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றி, கணுக்காலில் இறுக்கி முடிச்சுப் போட்டார். அந்தக் கட்டு சாயங்காலம் வரை அவிழவே இல்லை. பழைய, காலுக்குப் பழகிய ஷூவையே போட்டு வாருங்கள். கலரும் மங்கலாக இருக்கட்டும். எங்களோடு வந்த ஒருவர் ஆரஞ்சுச் சட்டையில் வந்து, நாள் முழுக்க அதற்கு மேல் ஒரு பச்சைத் துண்டைப் போர்த்திக்கொண்டு நடந்தார்.

மிருகம்? சொல்லிவிடுகிறேன், ஏமாற வேண்டாம். முழுநாளில் கண்ணால் பார்த்தது ஒரு இருவாச்சியைத்தான், அதுவும் இலைகளுக்கு நடுவே பாதி. அதற்கு முன்னால் சத்தம் வந்தது, யாரோ காய்ந்த பனையோலையை வீசி வீசி இழுப்பதுபோல. சிறகடிப்புக்கே அவ்வளவு சத்தம். மற்றபடி தடயங்கள்தான். ஒரு வேங்கை மரத்தில் கரடி ஏறின நகக்கோடுகள், என் தலைக்கு மேலே வரை. பாதை நடுவில் யானை லத்தி, அதில் செரிக்காத மூங்கில் நார், மேலே வெள்ளைக் காளான். வழிகாட்டி கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நேத்து சாயங்காலம் போயிருக்கு" என்றார். எங்கோ கீழே மிளா ஒருமுறை கத்தியது. எல்லோரும் நின்றோம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஆரஞ்சுச் சட்டைக்காரர், "இவ்வளவு நடந்து ஒரு யானைகூட வரலையே" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். காப்பகம் மொத்தம் 925 சதுர கிலோமீட்டர். நமக்காக யானை ஏன் இந்தப் பக்கம் வர வேண்டும்? எனக்கென்னவோ தடயம் பார்த்ததே பிடித்திருந்தது. இல்லாத மிருகத்தைப் பற்றி வழிகாட்டி சொல்லச் சொல்ல அது அங்கே நிற்பதுபோலவே இருந்தது.

முகட்டில் மரம் குறைந்து புல்வெளி. உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்குப் பொரியல். அப்போதுதான் மூட்டம் விலகியது.

பின்னால் மடிப்பு மடிப்பாகக் காடு, அதற்கு நடுவே ஏரியின் ஒரு கை மட்டும் பளபளப்பாக. முன்னால் செங்குத்தாகச் சரிவு, கீழே எங்கள் பள்ளத்தாக்கு. கூடலூர், அதைத் தாண்டிக் கம்பம், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல், நடுவில் கட்டம் கட்டமாக முதல்போக நெல், முற்றிப் பாதி மஞ்சளாக. அதற்கு அந்தப் பக்கம் வெயில் மங்கல், எங்கள் ஊர் அதற்குள்தான் எங்கோ. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் பெய்யும் மழையில், முதுகுப் பக்கம் விழுவது பெரியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போக வேண்டியது. முகத்துப் பக்கம் விழுவது வைகைக்கு. அந்த முதுகுப் பக்கத்துத் தண்ணீரைத்தான் அணை போட்டுத் தேக்கி, இதே மலைத்தொடரை ஒரு மைலுக்கு மேல் குடைந்து, இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். குமுளி மலைப்பாதையில் ஏறும்போது கவனித்திருப்பீர்கள், மலையிலிருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்கும் நான்கு பெரிய குழாய்கள். அந்தத் தண்ணீர் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு வயலுக்குப் போகிறது. இதெல்லாம் ஐந்தாவது படிக்கும்போதே வாத்தியார் வரைந்து காட்டியதுதான். ஆனாலும் மடியில் சோற்றை வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் மாறி மாறித் திரும்பிப் பார்த்தபோதுதான், இவ்வளவு மெல்லிய முகடா நடுவில் இருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

பென்னிகுவிக் சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று அப்பா சொல்வார். எங்கள் பக்கத்தில் எல்லா அப்பாக்களும் சொல்வார்கள். ஜனவரி 15 அவர் பிறந்தநாள், பொங்கலோடு சேர்த்து அவருக்கும் பொங்கல் வைக்கிற ஊர்கள் உண்டு. சொத்து விற்றதற்கு ஆவணம் இல்லை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்பாவிடம் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. 1887இல் தொடங்கி, வெள்ளத்தில் பாதி வேலை அடித்துக்கொண்டு போய், காய்ச்சலில் தொழிலாளிகள் செத்து விழுந்து, எட்டு வருஷத்தில் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல்தூளும் குழைத்துக் கட்டி முடித்தது இந்தக் காட்டுக்குள்தான். இப்போதே கையில் ஒரு குச்சியும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு ஏற முடியவில்லை. அந்தக் காலத்தில் இங்கே கல்லும் சுண்ணாம்பும் தூக்கி வந்தவர்கள் எப்படி ஏறினார்களோ.

ஆனால் ஒன்று, தேனிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். எந்த நடையிலும் அணை வராது. அணை இங்கிருந்து தண்ணீரில் வெகுதூரம் உள்ளே இருக்கிறது. அதிகாரிகளும் பொறியாளர்களும்தான் படகில் போய் வருகிறார்கள். 'அணையப் பாத்தியா?' என்று ஊரில் கேட்பார்கள். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

இறக்கம் முழங்காலைப் பதம் பார்த்தது. படகுத்துறைக்கு வந்தபோது கடைசிப் படகு கரைசேர்ந்து கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிக் குவித்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். படகில் போகிறவர்கள் புழுக்கமாக இருக்கிறது என்று ஜாக்கெட்டின் நாடாவைத் தளர்த்தாதீர்கள். படகைக் குறை சொல்ல மாட்டேன், நடக்க முடியாதவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் கால் நன்றாக இருக்கிறவர்கள் படகோடு திரும்பினால், ஏரியை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போன மாதிரிதான்.

வனத்துறை நடத்தும் இன்னும் இரண்டு நிகழ்ச்சிகளையும் சொல்லிவிடுகிறேன். 'பாம்பூ ராஃப்டிங்', பாதி நாள் நடை, பாதி நாள் தெப்பம். மச்சினன் முன்பு ஒருமுறை போயிருக்கிறான், துடுப்பு நாமும் போட வேண்டும், வெயில் அடித்தால் மண்டை காய்ந்துவிடும் என்கிறான். இன்னொன்று 'டைகர் ட்ரெய்ல்', காட்டுக்குள்ளேயே கூடாரத்தில் இரவு தங்குவது. அதைக் கூட்டிப்போகிறவர்களில் பலர் ஒருகாலத்தில் இதே காட்டில் வயணப்பட்டையை (காட்டு லவங்கப்பட்டை) திருட்டுத்தனமாக உரித்தவர்கள், வேட்டைக்குப் போனவர்கள். வழக்கிலிருந்து விடுவித்து இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத பாதை இருக்குமா? அடுத்தது அதுதான் என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள். அதற்கு நல்ல ஷூ வாங்க வேண்டும்.

தங்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா விலைக்கும் அறை கிடைக்கிறது. கார்த்திகை, மார்கழியில் மட்டும் வராதீர்கள், குமுளி முழுக்க ஐயப்ப சாமிகள், அறையும் கிடைக்காது, மலைப்பாதையில் வண்டியும் நகராது.

ராத்திரி அறையில் சாக்ஸைக் கழற்றியபோது என் கணுக்காலில் ஒரு அட்டை, நன்றாகக் குடித்துத் திராட்சை மாதிரி உருண்டு, இன்னும் இருந்தது. உப்புக்கு ரிசப்ஷனில் போய் நின்றேன். அந்த நேரம் பார்த்து அப்பா போன்.

"இன்னிக்கு 128ன்னு போட்ருக்கான். சரியா இருக்கா?"

"பாத்தா எப்படிப்பா தெரியும்?"

"அம்புட்டுத் தூரம் போயி அதக்கூடப் பாக்கலயாக்கும்."

மகள் போனை வாங்கிக்கொண்டாள். "தாத்தா, நான் பாத்தேன். மேல இருந்து ஒம்பது கோடு இறங்கியிருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அப்பா கேட்டார், "ஒரு கோடுன்னா எத்தன அடிம்மா?"